ரோமில் நான்கு இரவு: ஒரு நாளைக்கு எத்தனை யூரோ ஒதுக்குவது?

"ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 யூரோ வைத்துக்கொள்ளுங்கள்" என்று சராசரியைத் தூக்கிக் கொடுப்பவர்களை நம்பாதீர்கள். ரோமில் பாதிச் செலவு நாள் கணக்கில் வருவதே இல்லை. நீங்கள் கணவன் மனைவியாகப் போகிறீர்கள், ஓட்டலுக்குத் தனியாகக் கட்டிவிட்டீர்கள் என்று வைத்துச் சொல்கிறேன். விலைகள் 2025 நிலவரம்.

முதலில், ஒரே தடவை போகும் பணம். ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினிக்கு லியனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் ஆளுக்கு 14 யூரோ. இருவருக்கும் போக வர 56. (பெரியவர்கள் நான்கு பேர் என்றால் ரயிலை மறந்துவிடுங்கள். பழைய மதிலுக்குள் எங்கே இறங்கினாலும் டாக்சிக்கு 55 யூரோ என்று மாநகராட்சியே நிர்ணயித்திருக்கிறது.) கொலோசியம் ஆளுக்கு 18, வத்திக்கான் அருங்காட்சியகம் இணைய முன்பதிவோடு 25, பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் 5. கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். அதிகாரபூர்வத் தளத்தில் தீர்ந்துவிட்டால் இடைத்தரகர்கள் அதையே 'கைடுடன்' என்று ஒட்டி இரட்டிப்புக்கு விற்பார்கள். ஆகவே தேதி முடிவானதும் முதல் வேலை இதுதான்.

அடுத்தது நகர வரி. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம். முன்பதிவில் காட்டும் அறை வாடகையில் இது பெரும்பாலும் சேராது. ஓட்டலில் தனியாகக் கேட்பார்கள். மூன்று நட்சத்திரம் என்றால் ஆளுக்கு இரவுக்கு 6 யூரோ. இருவர், நான்கு இரவு: 48. ரயில், டிக்கெட்டுகள், வரி எல்லாம் கூட்டினால் இருவருக்கும் 200 யூரோ. இதை நாள் கணக்கில் கலக்காமல் தனியே எடுத்து வையுங்கள்.

மிச்சம்தான் உண்மையான தினப்படி. காலையில் காப்பியும் கொர்னெட்டோவும் (பிறை வடிவ இனிப்பு ரொட்டி) நின்றுகொண்டே சாப்பிட்டால் சுமார் 3 யூரோ. அதையே சதுக்கத்து மேசையில் உட்கார்ந்து கேட்டால் இரண்டு மூன்று மடங்கு. மதியம் எடை போட்டு விற்கும் பீட்சா 7. விலைப்பலகையில் இருப்பது கிலோ விலை, கையால் அளவு காட்டி வெட்டச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாடு 20. பேருந்து டிக்கெட் 1.50, 100 நிமிடம் செல்லும். ஆனால் அதற்குள் மெட்ரோவில் ஒரே தடவைதான் ஏறலாம். ஒரு நாளைக்கு இரண்டு டிக்கெட் போதும், நகரின் நடுப்பகுதி நடக்கிற தூரம்தான். நாள் பாஸ் ஐந்தாறு தடவையாவது ஏறுபவர்களுக்கு. வங்கி கார்டைத் தட்டி ஏறினால் ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒரே கார்டு இருவருக்கும் செல்லாது. தெருக்குழாய்த் தண்ணீர் நல்ல குடிநீர், இலவசம். ஜெலாட்டோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீமுக்கு ஐந்து சேர்த்தாலும் ஆளுக்கு 40க்குள் அடங்கும். இருவருக்கு நாலு நாளைக்கு 320, முன்னதோடு 520. பத்து சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

"சைவம், இதெல்லாம் சரிப்படாது" என்பவர்களுக்கு: மார்கரீட்டா (தக்காளி, சீஸ் பீட்சா), பீட்சா ரோஸா (தக்காளி மட்டும் தடவியது) தாராளமாகக் கிடைக்கும். சுப்ளி என்ற பொரித்த சோற்று உருண்டையில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், கேட்டு வாங்குங்கள். இந்திய உணவகம்தான் வேண்டுமென்றால் என் கணக்கு உங்களுக்கு ஆகாது.

விசாவை இதில் சேர்க்கவில்லை. ஷெங்கன் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் வேறு. அந்த அநியாயத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஏ.டி.எம். "ரூபாயில் கழிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். யூரோவிலேயே எடுங்கள்.