பங்கு நான்கு வீதம், பிணை முழுவதும்

கேள்வி: அப்பா கொழும்பில் தொடங்கிய இரும்புப் பொருள் இறக்குமதிக் கம்பனியில் எனக்கு 12 வீதப் பங்கு இருந்தது. 2022 ஒக்டோபரில் அண்ணா தன் பெயரிலும் அண்ணி பெயரிலும் புதுப் பங்குகள் எடுத்ததில் அது 4 வீதமாகிவிட்டது. நெருக்கடியில் கம்பனியைக் காப்பாற்றத்தான் செய்தாராம். கணக்கும் காட்டுவதில்லை. 2017இல் பணிப்பாளராக இருந்தபோது கம்பனிக் கடனுக்கு நானும் பிணை நின்று, யாழ்ப்பாணத்து வீட்டை ஈடு வைத்தேன். 2019இல் பதவி விலகிவிட்டேன். வழக்குப் போடலாமா?
வாசகர், நல்லூர்

பதில்: ஆறு பக்கக் கடிதத்தைத்தான் மேலே சுருக்கியிருக்கிறேன். அப்பாவின் உழைப்பு, அண்ணியின் பேச்சு, அந்தியேட்டிக்குச் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் வாசித்தேன். நீதிமன்றத்துக்கு அவை வேண்டாம். கணக்கை எழுத்தில் கேளுங்கள், அது தனிக் கதை.

கேள்வி ஒன்றுதான்: புதுப் பங்கை உங்கள் விகிதப்படி உங்களிடமும் நீட்டினார்களா? அமைப்பு விதிகள் வேறு சொல்லாவிட்டால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க கம்பனிகள் சட்டத்தின் 53ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. பங்கு வெளியிட்டதை அறிவித்துக் கம்பனிப் பதிவாளரிடம் போன படிவம் 6ஐ எடுத்துப் பாருங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. இறக்குமதிக்காரர் திண்டாடியது நீதிபதிக்கும் தெரியும். அண்ணர் உண்மையாகவே புதுக் காசு போட்டிருந்து, உங்களுக்கு வந்த கடிதத்தை நீங்கள் பேசாமல் வைத்திருந்தால் வழக்கு மெலிவு. கம்பனிக்குத் தான் முன்பு கொடுத்து ஏட்டில் கிடந்த கடனையே பங்காக மாற்றி, களஞ்சியக் காணியைப் பழைய விலையில் வைத்துக்கொண்டு பங்கு பத்து ரூபா என்று எழுதியிருந்தால், பங்காளரை நசுக்குவதற்கு எதிரான 224ஆம் பிரிவின் கீழ் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய வழக்கு.

ஆனால் எனக்குப் பயம் உங்கள் ஐந்தாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதிய அந்தப் பிணை. பங்கு நாலு வீதமானதால் பிணை நாலு வீதமாகாது. "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று கையெழுத்து வைத்திருப்பீர்கள், எல்லா வங்கியும் அப்படித்தான் வாங்கும். முழுக் கடனையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். பதவி விலகியதால் அது போகவில்லை. வங்கி எழுத்தில் விடுவித்தால்தான் போகும். பங்குச் சண்டையில் வென்று பிணையில் வீட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நடப்பது இதுதான்: தடையுத்தரவு வாங்குகிறார்கள், கம்பனிக் கணக்கு முடங்குகிறது, தவணை தவறுகிறது, வங்கி முழுக்கடனையும் திருப்பிக் கேட்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி ஏற்றியதற்குப் பிறகு ஏறிய வட்டியும் அதில் சேர்ந்திருக்கும். ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமல் வங்கியே விற்கும் பராட்டே அதிகாரத்தை 2024இல் நிறுத்தி வைத்தார்கள். அந்த நிறுத்தம் 2025 மார்ச் 31உடன் முடிந்தது. வங்கி வழக்குப் போடாமலே ஏலம் கூறலாம். "கடன் கம்பனியுடையது, நான் மூன்றாம் ஆள்" என்ற வாதம் அன்று பணிப்பாளராக இருந்தவருக்கு இலகுவில் எடுபடாது.

ஆகவே சமரசத்துக்குப் போங்கள். சுயாதீனக் கணக்காளர் ஒருவரைக் கொண்டு பழைய 12 வீதத்துக்கு விலை போடுவித்து, அண்ணருக்கே விற்றுவிடுங்கள். அவர் பேரம் பேசினால் விலையில் கொஞ்சம் இறங்கலாம், பிணையில் இறங்கக்கூடாது. வங்கியின் விடுவிப்புக் கடிதமும் ஈட்டு ரத்தும் கையில் வரும் அதே நாளில்தான் பங்கு மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து. அதற்கு முன் கம்பனிச் செயலாளர் புதுப் பங்கு வெளியீட்டுக்குப் பழைய திகதியிட்ட "ஆட்சேபனை இல்லை" கடிதம் ஒன்றை நீட்டுவார், கட்டாயம் நீட்டுவார். தொடாதீர்கள்.

இந்தக் கிழமையே வங்கிக்குப் போய் பிணைப் பத்திரத்தின் பிரதியையும் இன்றைய நிலுவையையும் எழுத்தில் கேளுங்கள். அண்ணருடன் பேச்சு அதற்குப் பிறகு.