கீழே இழுத்தால் புதிதாகும் பட்டியல்: கேள்வி பதில்

செயலியில் பட்டியலைக் கீழே இழுத்துப் புதுப்பிக்கும் வசதி பற்றி இன்று மாலை கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். என் அன்றாட வேலை ஆண்ட்ராய்டில். மற்றவற்றில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): அக்கா, இதற்காக ஆண்ட்ராய்டு தரும் ஸ்வைப்ரெஃப்ரெஷ்லேஅவுட் என்ற உறையைப் பட்டியலைச் சுற்றிச் சேர்த்துவிட்டேன். இழுத்தால் வட்டம் சுழல்கிறது, சில நேரம் நிற்பதே இல்லை. ஏன்?

பதில்: உங்கள் வேலை முடிந்ததா என்று அந்த வட்டத்துக்குத் தெரியாதம்மா. விரல் இழுத்ததும் சுழலத் தொடங்கும், உங்கள் நிரலுக்குத் தகவல் சொல்லும். அதோடு அதன் பொறுப்பு முடிந்தது. நிறுத்த வேண்டியது நீங்கள். வட்டத்தை ஓட்டவும் நிறுத்தவும் உள்ள செட்ரெஃப்ரெஷிங் என்பதற்கு ஃபால்ஸ் (நிறுத்து) கொடுக்கும் வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரவு நல்லபடியாக வந்துசேரும் இடத்தில் மட்டும் எழுதியிருப்பீர்கள். சர்வர் 500 என்று, அதாவது தன் பக்கம் கோளாறு என்று, பதில் தந்தாலோ, லிஃப்டுக்குள் சிக்னல் போனாலோ நிரல் அந்த வரிக்குப் போகவே போகாது. கோட்லின் மொழியில் கோரூட்டீன் (பின்னணியில் வேலை செய்யும் முறை) பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்த வரியை, எப்படி முடிந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் வையுங்கள். வெற்றியோ தோல்வியோ, வட்டம் நிற்க வேண்டும்.

வெளியிடுமுன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வட்டம் நின்று, பழைய பட்டியல் அப்படியே இருந்து, இணைப்பு இல்லை என்ற செய்தியும் வந்தால் சரி.

இன்னொன்று. திரை திறந்ததும் நீங்களாகவே செட்ரெஃப்ரெஷிங்குக்கு ட்ரூ (ஓட்டு) கொடுத்தால் வட்டம் மட்டும்தான் சுழலும். தரவு கேட்கும் உங்கள் செயற்கூறு தானாக ஓடாது. அதை நீங்கள்தான் தனியாக அழைக்க வேண்டும்.

கேள்வி: இந்த வசதியை முதலில் கொண்டுவந்தது யார்? ஆப்பிளா, கூகுளா?

பதில்: இரண்டும் இல்லை. ட்விட்டரை (இன்றைய எக்ஸ்) படிக்க உதவும் ட்வீட்டீ என்ற ஐபோன் செயலியைத் தனியாளாக எழுதிய லோரன் பிரிக்டர். 2010இல் அந்தச் செயலியை ட்விட்டர் நிறுவனமே வாங்கிக்கொண்டது. இதற்கான காப்புரிமை 2013இல் வழங்கப்பட்டது. தற்காப்புக்கு அல்லாமல் அதை யார் மீதும் ஏவுவதில்லை என்று ட்விட்டர் அறிவித்தது. ஆப்பிள் 2012இல் ஐஓஎஸ் 6இல் இதற்கென ஒரு கருவியைத் தந்தது, ஆண்ட்ராய்டின் துணை நூலகத்தில் 2014இல் வந்தது.

அதன் அழகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புதியவை மேலே இருக்கும் பட்டியலில் ஒருவர் உச்சிவரை வந்துவிட்டார் என்றால், அதற்கும் மேலே ஏதாவது இருக்கிறதா என்றுதான் தேடுகிறார். கை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த அசைவு, இன்னும் கொஞ்சம் நீண்டால் போதும். எனக்கு இதில் இன்றும் வியப்பு தீரவில்லை.

கேள்வி (கோவை): பட்டியலின் நடுவிலிருந்து மேலே போக முயன்றாலே புதுப்பிக்கத் தொடங்கிவிடுகிறது.

பதில்: ஸ்வைப்ரெஃப்ரெஷ்லேஅவுட்டுக்கு நேர் உள்ளே லீனியர்லேஅவுட் அல்லது ஃப்ரேம்லேஅவுட் என்ற வெறும் பெட்டியை வைத்து, அதற்குள் நகரும் பட்டியலான ரீசைக்ளர்வியூவை வைத்திருக்கிறீர்கள். "இன்னும் மேலே நகர இடம் இருக்கிறதா" என்று ஸ்வைப்ரெஃப்ரெஷ்லேஅவுட் தன் நேரடிக் குழந்தையிடம், அதாவது தனக்கு நேர் உள்ளே இருப்பதிடம், மட்டுமே கேட்கும். லீனியர்லேஅவுட் நகராது, ஆகவே "இல்லை" என்கிறது. ரீசைக்ளர்வியூவை நேரடிக் குழந்தையாக்குங்கள். முடியாவிட்டால், அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லவிடும் செட்ஆன்சைல்ட்ஸ்க்ரோல்அப்கால்பேக் எழுதி, உண்மையில் நகரும் பட்டியலைக் கேட்டுப் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: இழுத்துவிட்டு உடனே விரலை ஓட்டினால் செயலி கிராஷ் ஆகிறது. "இன்கன்சிஸ்டன்சி டிடெக்டட்" என்று வருகிறது.

பதில்: இழுத்ததும் முதல் வேலையாகப் பழைய பட்டியலைக் காலி செய்கிறீர்கள் அல்லவா? 40 வரிசைகள் இருப்பதாக ரீசைக்ளர்வியூ நம்பிக்கொண்டிருக்கிறது, உங்கள் பட்டியலிலோ ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில் விரல் பட்டால் விழுந்துவிடும். பட்டியலுக்குத் தரவு ஊட்டும் பகுதியை லிஸ்ட்அடாப்டருக்கு மாற்றி, புதிய பட்டியல் கைக்கு வந்தபின் அதன் சப்மிட்லிஸ்ட் வழியாகக் கொடுங்கள். மாறிய வரிசைகளை அதுவே கண்டுபிடித்து மாற்றும்.

கிராஷ் ஆகாவிட்டாலும் இது தவறு. ஒரு மருந்துக்கடையின் சரக்குப் பட்டியலுக்கு நான் செயலி எழுதியபோது இதையே செய்தேன். கடைப்பையன் ஒரு மாத்திரையின் இருப்பைப் பார்க்க இழுத்தான். இணையம் போயிருந்தது. இழுப்பதற்கு முன் திரையில் இருந்த எண்ணும் போய் வெள்ளைத்திரை நின்றது. எதிரே சீட்டுடன் ஒரு முதியவர் காத்திருந்தார். புதியது வரும்வரை பழையதைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஃப்ளட்டரில் (கூகுளின் செயலி உருவாக்கும் கருவி) வட்டம் உடனே மறைந்துவிடுகிறது, தரவு பிறகுதான் வருகிறது.

பதில்: இழுத்ததும் ஓடும் ஆன்ரெஃப்ரெஷ் திருப்பித்தரும் ஃப்யூச்சர் (பிறகு முடியப்போகும் வேலை) முடியும்வரைதான் வட்டம் இருக்கும். உள்ளே தரவு கேட்கும் வரிக்கு முன், காத்திரு என்று சொல்லும் அவெய்ட் விட்டுப்போயிருக்கிறது. பட்டியலில் இரண்டே வரிசை இருக்கும்போது இழுக்கவே முடியவில்லை என்றால், ஆல்வேஸ்ஸ்க்ரோலபிள்ஸ்க்ரோல்ஃபிசிக்ஸ் கொடுங்கள்.

கேள்வி: ஐஓஎஸ்ஸில் வட்டம் நிற்கவில்லை.

பதில்: அங்கே வட்டத்தை நிறுத்துவது எண்ட்ரெஃப்ரெஷிங். தோல்வியிலும் அழைக்க வேண்டும். முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: நெட் மெதுவாக இருந்தால் வட்டம் நிற்க மாட்டேன் என்கிறது, அக்கா.

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி. கேட்குமுன் மேலே உள்ளதைப் படியுங்கள் தம்பி. புதிதாகச் சொல்ல ஒன்று உண்டு: சர்வரோடு பேச ஆண்ட்ராய்டில் பலரும் பயன்படுத்தும் ஓகேஹெச்டிடிபி நூலகத்தில் இணைப்புக்கும் வாசிப்புக்கும் தனித்தனியே 10 வினாடி வரம்பு இருக்கிறது, முழு அழைப்புக்கு வரம்பு கிடையாது. அதற்கான கால்டைம்அவுட்டை நீங்களே வையுங்கள்.

கேள்வி: அரட்டைச் செயலியில் இதைச் சேர்ப்பது எப்படி?

பதில்: சேர்க்காதீர்கள். அங்கே புதியது கீழே வருகிறது, அதுவும் தானாக வர வேண்டும்.

கேள்வி (வடிவமைப்பாளர்): இழுத்துப் புதுப்பிக்கும் வசதி வந்துவிட்டதால், மேல்பட்டையில் இருந்த புதுப்பி பொத்தானை எடுத்துவிடச் சொன்னேன். எங்கள் நிரலாக்கர் மறுக்கிறார். ஒரே வேலைக்கு இரண்டு வழி எதற்கு?

பதில்: உங்கள் நிரலாக்கர் சொல்வதே சரி. இழுக்கலாம் என்பதற்குத் திரையில் எந்த அடையாளமும் இல்லை. தெரிந்தவருக்குத்தான் அது இருக்கிறது. கீபோர்டு இணைத்துப் பயன்படுத்துபவர் எதை இழுப்பார்? மெனுவிலும் புதுப்பி இருக்கட்டும் என்று ஆண்ட்ராய்டின் வழிகாட்டி ஆவணமே பரிந்துரைக்கிறது.

வடிவமைப்பாளர்: இன்று யாருக்கு இது தெரியாது? எல்லாச் செயலிகளிலும் இருக்கிறதே. ஒரு சிலருக்காக எல்லோருடைய திரையையும் அடைக்க வேண்டுமா?

இன்னொருவர்: பொத்தான் இருந்தால் சும்மா அழுத்திக்கொண்டே இருப்பார்கள், சர்வருக்குத்தான் சுமை. நானும் எடுக்கச் சொல்வேன்.

பதில்: விரலும் அதே அளவு இழுக்கும். சர்வர் சுமைக்குத் தீர்வு, ஒரு கோரிக்கை ஓடும்போது அடுத்ததைத் தடுப்பது. பொத்தானை எடுப்பதால் அது தீராது.

பார்வையற்ற உறுப்பினர் ஒருவர்: நான் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வைத்துத்தான் போன் பயன்படுத்துகிறேன். ஒரு விரலால் தள்ளினால் எனக்கு அடுத்த வரிசைக்குப் போகும். இரண்டு விரலால் இழுத்தால் பல செயலிகளில் புதுப்பிக்கும். ஆனால் அந்தத் திரையில் அப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு யார் சொல்வது? பொத்தான் என்றால் அது தன் பெயரைத் தானே சொல்லும். இழுத்த பிறகும் வட்டம் நின்றதா, புதிதாக ஏதாவது வந்ததா, ஒன்றும் காதில் விழாது.

பதில்: ஐயா, நன்றி. நான் பத்து வரியில் சொல்ல முயன்றதை விட இது தெளிவு. எல்லோரும் இரண்டு வேலை செய்யுங்கள். மெனுவில் புதுப்பி என்று ஒரு வரி. முடிந்ததும் "3 புதியவை வந்துள்ளன", "புதிதாக எதுவும் இல்லை" என்று திரைவாசிப்பான் சொல்லும்படி ஓர் அறிவிப்பு.

வடிவமைப்பாளர்: மூன்றுபுள்ளி மெனுவுக்குள் வைத்தால் எனக்கு மறுப்பில்லை. பட்டை அடைபடாது. ஐயா, சோதனைப் பதிப்பை உங்களுக்கு அனுப்பலாமா?

பார்வையற்ற உறுப்பினர்: அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: இணையதளத்தில் என் பட்டியலை இழுத்தால் குரோம் பக்கத்தையே மறுபடி ஏற்றிவிடுகிறது.

பதில்: பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்-ஒய்: கன்டெயின். அதைப் பக்கத்தின் பாடி பகுதிக்குக் கொடுங்கள்.

கேள்வி: வட்டத்தின் நிறத்தை மாற்ற முடியுமா?

பதில்: முடியும். ஆண்ட்ராய்டில் அதற்கு செட்கலர்ஸ்கீம்ரிசோர்சஸ். பின்னணியோடு கலந்துவிடாத நிறமாகப் பாருங்கள்.