பாபின் பெட்டி

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. பெருங்குடியில் ஒரு பேக் ஆபீஸில் மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம் பார்க்கும் வேலை எனக்கு. ஏழு வருடமாகிறது. போன வருடம் வந்த மேனேஜரால் வேலையே வெறுத்துவிட்டது. நான் செய்த ரிப்போர்ட்டைத் தன் பெயரில் மேலே அனுப்புகிறார். இரவு பதினொரு மணிக்கு போன் செய்கிறார். பிடித்த இரண்டு பேருக்கு மட்டும் நல்ல ரேட்டிங். எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டுத் தனியாக வந்து சாரி சொல்கிறார். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில், சாட்டில் என் பெயர் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிட்டால் உடனே கூப்பிட்டு "எங்கே போனீங்க?" என்கிறார். ஐந்து நிமிடம் கை வைக்காவிட்டால் மஞ்சளாகிவிடும். அதனால் எங்கள் டீமில் பாதிப் பேர் பாத்ரூம் போகும்போது கைக்கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்துவிட்டுப் போகிறோம். முள் நகர்வதை மவுஸ் நகர்வதாக சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். எனக்குக் கீழே இரண்டு டிரெய்னிகள். அவர்கள் ஆன்லைனில் இருக்கிறார்களா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். மொத்தத்தில் டாக்ஸிக்கான இடம்.

இப்படிப்பட்டவர்கள் எப்படி மேனேஜர் ஆகிறார்கள்? நான் வேலையை விடுவதா, ஹெச்ஆரிடம் புகார் கொடுப்பதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு ஸ்டூலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் முன்பு, மைத்துனர் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க கோவையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம். என் மனைவி ஒன்றரை மணி நேரம் புடவைகளைப் பிரிக்கவைத்தாள். பிரித்துக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தது. கவுன்டருக்குப் பின்னால் சுவரோரமாக நீல பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று, அதன்மேல் நாலு காலி அட்டைப்பெட்டி. "கொஞ்ச நேரம் அதுல உக்காரலாமே கண்ணு" என்றேன். கை நிற்கவில்லை, கண் மட்டும் ஒருதடவை கூரைக்குப் போய் வந்தது. அங்கே கேமரா. "அது ஆபீசர் வந்தா காட்டறதுக்குங்க" என்றது.

தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடி வாங்கினார்கள். சட்டம் ஸ்டூலைக் கடைக்குள் கொண்டுவந்துவிட்டது. அட்டைப்பெட்டியை யார் எடுத்து வைப்பது?

சரி, உங்கள் பட்டியல். ரிப்போர்ட்டில் பெயரை மாற்றுவது அற்பத்தனம். ராஜராஜன் கட்டிய பெரிய கோயில் கல்வெட்டில் பெருந்தச்சனுக்கும் நாவிதனுக்கும்கூடப் பெயர் இருக்கிறது. உங்கள் மேனேஜருக்கு ஒரு எக்செல் ஷீட்டில் இடம் போதவில்லை. விடுங்கள். பதினொரு மணிக்கு போன் வந்தால் எடுக்காதீர்கள். க்ளெய்ம் என்ன ராத்திரியோடு ராத்திரியாகப் பற்றியா எரிந்துவிடும்? பிடித்தவர்களுக்கு ரேட்டிங் என்பதற்கு எந்த ஊரிலும் மருந்து கிடையாது, சொந்தத் தாய் வீட்டிலேயே கிடையாது. அப்புறம் இந்த ‘டாக்ஸிக்’. உங்கள் முழுக் கடிதத்தில் ஆறு இடத்தில் இருந்தது, ஐந்தை நான் வெட்டினேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எனக்கு எதுவும் தெரியவில்லை. கைக்கடிகாரத்தின் மேல் மவுஸ் என்று எழுதினீர்களே, அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எப்படி மேனேஜர் ஆகிறார்கள் என்று கேட்கிறீர்கள். நான் எப்படி ஆனேன் என்று சொல்கிறேன்.

1984-ல், டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்த கையோடு, இருபத்திரண்டு வயதில், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். 1932-ல் நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் வந்ததற்குப் பிறகு கோவையைச் சுற்றி முளைத்த மில்களில் அதுவும் ஒன்று. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ஒரு நூல்கூட என் கையால் ஒட்டத் தெரியாது எனக்கு. சர்டிபிகேட் இருந்தது, சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது.

ரிங் ஃபிரேம் என்கிற நூற்கும் மெஷினை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் கதிர்கள் வரிசையாகச் சுழலும். எங்காவது இழை அறுந்துகொண்டே இருக்கும். சைடர் என்கிற தொழிலாளி சந்துக்குள் நடந்துகொண்டே இருந்து, அறுந்ததைக் கண்டுபிடித்து, ஓடுகிற கதிரை ஒரு கையால் நிறுத்தி, விரல் நுனியில் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எட்டு மணி நேரமும் நடைதான். நூல் சுற்றும் பாபின் நிறைந்து, டாஃபர் பையன்கள் எடுத்துவிட்டுக் காலி பாபின் போட்டதும் கொஞ்ச நேரம் நிறைய அறுக்கும். பிறகு அடங்கும்.

அரை நைட் ஷிஃப்டில் ஒரு சைடர் இருந்தார். ஐம்பது தாண்டியவர், நான் பிறப்பதற்கு முன்பே அந்த மில்லில் சேர்ந்தவர். இழை அடங்கியதும் சந்துக் கோடியில் ஒரு பாபின் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். தொடையில் துண்டு, கண் மூடியிருக்கும். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் போய் முன்னால் நின்று, "என்ன, தூக்கமா?" என்றேன். "உனக்குச் சம்பளம் எதுக்குக் குடுக்கறாங்க?" என்றும் கேட்டேன். என் அப்பாவைவிட மூத்தவரை ‘உனக்கு’ என்று சொன்னேன். அவர் எழுந்து, "நூல் நல்லா ஓடுதுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் டாஃபர் பையனைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டியை என் கண்ணாடி ரூமுக்குக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து என் டிபன் கேரியர் அதன்மேல் இருந்தது.

கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லக் கை துறுதுறுக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கதிர்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், ஆயிரம் சத்தத்தில், கதிரைச் சுற்றி ஓடும் டிராவலர் என்கிற சின்னக் கம்பி வளையம் ஒன்று தேய்ந்தால் அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும் என்று எழுதலாம். கைதட்டுவீர்கள். அவர் எதையும் கேட்கவில்லை. கால் வலித்தது, உட்கார்ந்தார். காக்கி டிராயருக்குக் கீழே கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாகப் புடைத்து நிற்கும். நான் தினமும் பார்த்ததுதான்.

நூல் நல்லா ஓடுது என்றார் இல்லையா? அதைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. இழை அறுந்தால் வந்துகொண்டே இருக்கும் பஞ்சை நியூமாஃபில் என்ற உறிஞ்சுகுழாய் இழுத்து ஃபிரேம் கோடியில் உள்ள பெட்டியில் சேர்க்கும். சைடர் எவ்வளவு சீக்கிரம் இழையைப் பிடிக்கிறாரோ அவ்வளவு குறைவாகச் சேரும். ஷிஃப்ட் முடிவில் அதை எடை போட்டு நோட்டில் எழுதுவார்கள். அந்த நோட்டில் கையெழுத்துப் போடுகிற ஆள் நான்தான். தினமும் போட்டேன். ஒருநாளும் படிக்கவில்லை. பின்னால் ஏதோ காரணத்துக்காகப் பக்கத்தைப் புரட்டியபோதுதான் பார்த்தேன், அவருடைய ஃபிரேம்களில்தான் கழிவு குறைவு. மாதக்கணக்காக அப்படித்தான் இருந்திருக்கிறது. உட்கார்ந்த ஆளின் எடை அந்த நோட்டில் இருந்தது, நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை மில் வாசல் டீக்கடையில் மேஸ்திரியிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரியும். "வேலையப் பாக்கத் தெரியாதவங்க ஆளத்தான் பாப்பாங்க தம்பி. எல்லா சூப்பர்வைசருக்கும் மொத வருசம் அப்படித்தான். சில பேருக்குப் போயிரும்" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

அதற்குள் ஸ்பின்னிங் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டியிருந்தார். டிபார்ட்மென்டில் கன்ட்ரோல் வந்திருக்கிறது என்றார். வந்ததுதான். என் தலை தெரிந்தால் ஆளுக்கொரு பிரஷை எடுத்து, சுத்தமாக இருந்த ஃபிரேமையே திரும்பத் துடைத்தார்கள். உங்கள் கைக்கடிகாரத்தைப் படித்ததும் அந்த பிரஷ்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

நான் கண்டுபிடித்த பாவம் இல்லை இது. 1923-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கம் ஒரு ஜவுளி ஆலைக்கு எல்டன் மேயோ என்கிற ஆய்வாளரை அழைத்துப் போனார்கள். மற்ற பிரிவுகளில் ஆட்கள் நிலையாக இருந்தார்கள். நூற்கும் பிரிவில் மட்டும் 40 பேரை வைத்துக்கொள்ள வருடத்துக்குச் சுமார் 100 பேரைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. போனஸ் திட்டம் எதுவும் பலிக்கவில்லை. மேயோ அவர்களைப் பகலில் நாலு தடவை, பத்துப் பத்து நிமிடம் படுக்கச் சொன்னார். ஆட்கள் வேலையில் நிலைக்க ஆரம்பித்தார்கள், உற்பத்தியும் ஏறியது. இதில் எனக்குப் பிடித்தது இனிமேல் வருவதுதான். மெஷின் ஓடும்போது சாக்குமேல் ஆள் படுத்திருப்பதைப் பார்க்க அங்கிருந்த சூப்பர்வைசர்களுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு வேலை முடித்தால்தான் ஓய்வு என்று ஆக்கினார்கள். அவசர ஆர்டர் வந்த சாக்கில் ஒருவர் ஓய்வையே நிறுத்தினார். சில நாட்களில் உற்பத்தி சரிந்தது. கடைசியில் முதலாளியே இறங்கி வந்து, பத்து நிமிடம் மெஷினையே நிறுத்து, சூப்பர்வைசர் உட்பட எல்லோரும் படு என்று சொல்லவேண்டியிருந்தது. மறுபடி ஏறியது.

பொறுக்கவில்லை, பாருங்கள். நஷ்டக் கணக்கு எதுவும் போட்டு அவர்கள் அதைச் செய்யவில்லை. கண்ணுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த எரிச்சல் எனக்குத் தெரியும். வயிற்றில் ஒரு இடத்தில் ஆரம்பிக்கும். நமக்குக் கீழே இருக்கிறவன் உட்கார்ந்திருந்தால், நம்முடைய நாற்காலிக்கு ஏதோ குறைந்துபோன மாதிரி இருக்கும். உங்கள் மேனேஜருக்கு மஞ்சள் புள்ளியைப் பார்த்தால் வருவதும் அதுதான். மருத்துவ க்ளெய்மைப் படித்து எது சரி, எது தில்லுமுல்லு என்று கண்டுபிடிக்க அவருக்குத் தெரியுமா? தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். புள்ளியின் நிறம் தெரியும்.

சட்டமும் இருந்தது. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்கிறவர்களுக்கு வேலையின் நடுவே கிடைக்கும் இடைவெளியில் உட்கார வசதி செய்து தரச் சொன்னது. டிப்ளமோவில் அதற்கென்று ஒரு பேப்பர் உண்டு, பாஸ் செய்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். அவர் அதில் உட்காரவில்லை. பையன்கள் அதில் காலி பாபின் போட்டு வைத்தார்கள். மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். இருபத்திரண்டு வயது சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. அடுத்த வருடம் அவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். டிரெய்னிகள் ஆன்லைனில் இருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் ‘என்பது வேறு’ என்று எழுதியிருந்தீர்கள் மூலக் கடிதத்தில். என்னம்மா வேறு? அந்த இரண்டு பிள்ளைகளும் ராத்திரி யாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்களோ, அதில் மேனேஜர் என்று வருகிற ஆள் நீங்கள். உங்கள் பேரைத் தெரியும் அவர்களுக்கு, உங்களுக்கு மேலே இருப்பவரை அவ்வளவாகத் தெரியாது. மேலே இருந்து சொன்னார்கள், செய்தேன் என்பீர்கள். நானும் ஸ்பின்னிங் மாஸ்டரைக் காட்டலாம். பெட்டியைத் தூக்கச் சொன்ன வாய் என்னுடையது. ஏழு வருடம் க்ளெய்ம் பார்த்தவர் நீங்கள். அவர்கள் முடித்ததில் பத்தை எடுத்துப் படித்தால் யார் வேலை செய்கிறார்கள் என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவீர்கள். புள்ளியை எதற்குப் பார்க்கிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்விக்கும் இரண்டு வரி. இன்னொரு ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் விடாதீர்கள், வீட்டு லோன் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெச்ஆருக்கு எழுதுவதென்றால் தேதி, மணி, எத்தனை நிமிடம் மஞ்சளாக இருந்ததற்கு என்ன சொன்னார், அன்றைக்கு நீங்கள் முடித்த க்ளெய்ம் எத்தனை, இது மட்டும் போதும். ஒரு பெயரடைகூட வேண்டாம்.

நாளைக்கு அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, கடிகாரத்தை மவுஸுக்குக் கீழேயிருந்து எடுத்துக் கையில் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மஞ்சளாகும். உங்களுக்குத்தான் போன் வரும். என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.