பருத்தி மெத்தை விரிப்பில் 'நூல் எண்ணிக்கை 1000' என்றால் கூடுதல் விலை தகுமா?

நூல் எண்ணிக்கை என்பது ஒரு சதுர அங்குலத் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களையும் குறுக்கே ஓடும் ஊடை நூல்களையும் சேர்த்த கணக்கு. அந்த இடத்தில் 1000 தனி நூல்கள் அடங்குவது கடினம் என்பதால், மூன்று நான்கு மெல்லிய புரிகளை முறுக்கிய ஒரே நூலைச் சிலர் மூன்று நான்காக எண்ணிவிடுகிறார்கள். துணியோ கனத்துப் போகிறது. கோலாலம்பூரின் புழுக்கத்தில் அதன்மேல் படுத்தால் முதுகு வியர்க்கும்.

உண்மையான தரம் பஞ்சின் இழை நீளத்தில் இருக்கிறது. காம்பு நீண்ட மல்லிகையைத் தொடுத்த சரம் உறுதியாக நிற்கும். காம்பு குட்டையானால் பூ நழுவும். அவ்வாறே குட்டை இழைகள் நூலிலிருந்து பிரிந்து, சில மாதங்களில் சிறு உருண்டைகளாகத் திரளும்.

நம் வெப்பத்துக்கு நூல் எண்ணிக்கை 200 முதல் 400 வரை, சாதா நெசவில் (ஒரு நூல் மேலும் அடுத்தது கீழுமாகப் பின்னியது), நீள இழைப் பருத்தியே போதும் என்பது என் கருத்து. கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதிக் கடைகளில் விரிப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நெசவு சீராக இருக்கிறதா என்றும், '100 விழுக்காடு பருத்தி' என்ற குறிப்பு உண்டா என்றும் பாருங்கள்.

கையில் வழுக்கும் மென்மையே தரம் எனப் பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் ஆலையில் ஏற்றிய மெருகு, சில சலவைகளில் போய்விடும்.