கண்மாய் கேள்வி பதில்: முதலில் வரத்துக்காலைப் பாருங்கள்

சிவகங்கைப் பக்கம் கண்மாய், அதாவது ஏரிப் பாசன விவசாயிகளோடு இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

திருப்புவனத்திலிருந்து: கண்மாயை நன்றாகத் தூர்வாரினோம். நல்ல மழை பெய்தும் பாதிகூட நிறையவில்லை. ஏன்?

கண்மாய்க்குள் பெய்கிற மழை மட்டும் கண்மாயை நிரப்பாது, ஐயா. மேட்டுக்காட்டுத் தண்ணீர் வரத்துக்கால் என்கிற வாய்க்கால் வழியாக வர வேண்டும். மேல்கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கைத் தாண்டினால், அந்த மறுகால் தண்ணீரும் உங்களுக்குத்தான். நம் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலி மாதிரி. வைகை ஆறே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் போய்ச் சேர்கிறது.

ஐப்பசிக்கு முன்பு ஒருநாள் காலையில் கண்மாயிலிருந்து வரத்துக்காலை எதிர்த்து நடங்கள். சீமைக்கருவேல் மண்டியிருக்கும். ரோடு போட்டவர்கள் குழாய்ப் பாலத்தை வாய்க்கால் தரைக்கு ஒரு முழம் மேலே வைத்திருப்பார்கள். ஓர் ஊரில் மூன்று கிலோமீட்டர் நடந்தோம். அடைப்பு ஒரே இடத்தில்தான். வயலில் டிராக்டர் இறக்க யாரோ கொட்டிய இரண்டு வண்டி மண். நாலு பேர் மண்வெட்டியோடு அரை நாளில் எடுத்துவிட்டோம்.

மேலூரிலிருந்து: பொக்லைன் வைத்து எத்தனை அடி தோண்டலாம்?

மடையின், அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகின், அடிமட்டத்துக்குக் கீழே தோண்டாதீர்கள். அங்கே தேங்கும் தண்ணீர் வயலுக்குத் தானாகப் பாயாது. கரையின் அடியை ஒட்டியும் மண் எடுக்காதீர்கள், கரை பலமிழக்கும். வண்டலை மட்டும் எடுத்து வயலுக்குப் போடுங்கள்.

சென்னையிலிருந்து: 1000 சதுர அடி மொட்டைமாடியில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். உங்கள் மாடி சுமார் 93 சதுர மீட்டர். வருடத்துக்கு 1,400 மி.மீ. பெய்தால் 1,30,000 லிட்டர். 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டுக் குழியில் சல்லியும் மணலும் அடைத்துக் கிடக்கும், முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

மானாமதுரையிலிருந்து: பத்தடி ஆழப்படுத்தினால் போதுமா?

மேலூர்க்காரருக்குச் சொன்னதுதான், தம்பி. மடை மட்டம்!

காளையார்கோவிலிலிருந்து: வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுப் பாய்ச்சும் நீர்க்கட்டி முறை, ஊரே சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து என்று உங்களைப் போன்றவர்கள் பழம்பெருமை பேசுகிறீர்கள். என் தாத்தா நீர்க்கட்டி. ராத்திரி முழுக்கத் தண்ணீர் பாய்ச்சியவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அது சாதி வேலை இல்லையா?

ஆமாம், சாதி வேலைதான். நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள். குடிமராமத்தும் எல்லோரும் மனம் ஒப்பிச் செய்ததில்லை. 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புக்குச் சட்டமே போட்டார்கள்.

ஆனால் உங்கள் தாத்தாவின் அறிவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சின்ன வயதில் எங்கள் ஊர் நீர்க்கட்டியின் பின்னால் போயிருக்கிறேன். இருட்டில் வாய்க்காலில் காலை வைத்ததுமே தண்ணீர் குறைகிறது என்பார். மேலே போய்ப் பார்த்தால் நண்டு வளை வழியாகக் கசிந்துகொண்டிருக்கும். வைக்கோலையும் களிமண்ணையும் பிசைந்து அடைப்பார். கடைமடை வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது அவரால். களத்தில் அவருக்குக் கிடைத்ததோ சில மரக்கால் நெல்.

அதே நண்பர்: அப்படியானால் இனி யார் செய்வது? மறுபடி நாங்களா?

இல்லை. எந்தச் சாதியாக இருந்தாலும் சரி, மாதச் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டும். கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு நிலத்தில் ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கொடுக்கலாம். பெரிய நிலக்காரர் வயலுக்கு முதலில் திறக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். கூட்டத்தில் நிலமில்லாதவர்களும் உட்கார வேண்டும். மாடு குடிப்பதும் மீன் பிடிப்பதும் அதே கண்மாயில்தானே? உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்த மடை, வாய்க்கால் விவரங்களை எழுதி வையுங்கள், தயவுசெய்து.

தேவகோட்டையிலிருந்து: 600 அடி போர் இருக்கிறது. கண்மாய் எதற்கு?

கண்மாய் பெருகி நிற்கும் மாதத்திலும் வற்றிய மாதத்திலும் கரைக்குக் கீழே இருக்கும் கிணறுகளில் கயிறு விட்டு அளந்து பாருங்கள். கண்மாய்த் தண்ணீர்தான் நிலத்துக்குள் ஊறுகிறது என்பது தெரியும்.

இளையான்குடியிலிருந்து: ஆழப்படுத்த நிதி…

வரத்துக்கால் நடந்து பார்த்தீர்களா? பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

சிங்கம்புணரியிலிருந்து: வரத்துக்காலே காணோம், வீடு கட்டிவிட்டார்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் நில விவரம் எழுதிய ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள், அம்மா. ‘வாய்க்கால்’ என்று புறம்போக்கில் புல எண்ணோடு இருந்தால் அளக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.