டிஎன்ஏவில் கணினிக் கோப்பைச் சேமிக்க உயிருள்ள செல் தேவையா?

தேவையில்லை. டிஎன்ஏ இழையை ரசாயன முறையில் செயற்கையாகத் தயாரித்து, உலர்த்தி ஒரு சின்னக் குழாயில் வைத்தாலே போதும்.

இழையில் ஏ, சி, ஜி, டி என நான்கு ரசாயன எழுத்துகள். கணினிக் கோப்பில் இருக்கும் 0, 1 என்ற இலக்கங்களை, 00 என்றால் ஏ, 01 என்றால் சி என்று நேரடியாகவே மாற்றலாம்தான். ஆனால் ஒரே எழுத்து தொடர்ந்து வந்தால், அது எத்தனை முறை வந்தது என்பதில் படிக்கும் கருவி தடுமாறும். ஐரோப்பிய உயிர்தகவலியல் நிலையத்தின் நிக் கோல்ட்மேன் குழு 2013இல் இதற்கு அழகான வழி ஒன்றை வெளியிட்டது. கோப்பை முதலில் 0, 1, 2 என்ற மூன்று இலக்கங்களுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும், முந்தைய எழுத்தைத் தவிர்த்த மற்ற மூன்றில் ஒன்று வரும். முந்தைய எழுத்து ஏ என்றால் 0க்கு சி, 1க்கு ஜி, 2க்கு டி. ஆக, எந்த எழுத்தும் இரட்டிக்கவே வழியில்லை!

நீளமான இழை என்றால் தயாரிப்பில் பிழை பெருகும். அதனால் 117 எழுத்துத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் அதன் இடத்தைக் குறித்தார்கள். ஒரே தகவல் நான்கு துண்டுகளில் இருந்ததால், ஒன்று கெட்டாலும் மற்றவை கைகொடுக்கும்.

எழுதுவதற்கு ஆகும் செலவும் நேரமும்தான் பெரிய தடை. தினமும் திறக்கும் கோப்புகளுக்கு இது சரிப்படாது. குளிரான, ஈரமில்லாத இடத்தில் நூற்றாண்டுக்கணக்கில் காக்கவேண்டிய ஆவணங்களுக்கே பொருத்தம்.