ஃபிராங்ஃபர்ட்டில் ஆப்பிள் ஜூஸ் ஏன் புளிக்கிறது?

தம்பி, ஃபிராங்ஃபர்ட் வந்து மூன்று வாரத்துக்குள் ஆப்பிள் ஜூஸே உங்களை இரண்டு முறை ஏமாற்றிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தையில் வாங்கிய பாட்டில் நாலாம் நாள் புஸ்ஸென்று சீறியது, கெட்டுப்போச்சா? ஆபீஸ் நண்பர்கள் இதே ஊரின் ஜாக்ஸன்ஹவுஸன் பகுதியில் வாங்கிக் கொடுத்த ஆப்பிள் பானம் ஏன் அப்படிப் புளித்தது? இரண்டும் ஒரே கதைதான். பதநீர் கள்ளாகிற கதை.

இலையுதிர் காலத்தில் சந்தையில் கிடைப்பது பிழிந்த கையோடு, காய்ச்சாமல் விற்கும் சாறு. ‘ஸூஸர்’ என்பார்கள். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கிய மாதிரி, ஈஸ்ட் உடனே வேலையை ஆரம்பித்துவிடும். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் விடும். பாதி புளித்துக் கலங்கலாக, நாக்கில் சுருசுருவென்று ஏறுகிற பருவத்துக்கு ‘ரௌஷர்’ என்று பெயர். இனிப்பும் புளிப்பும் ஒரே மடக்கில் வரும். எனக்கு இதுதான் பிடிக்கும், ஆனால் இரண்டாவது கிளாஸ் வயிற்றைக் கலக்கிவிடும். நீங்கள் குடிக்காதவர் என்பதால் சொல்கிறேன்: சீறுகிற பாட்டிலில் ஆல்கஹால் உண்டு.

மூடியை இறுக்காதீர்கள். முதல் வருடம் நான் இறுக்கி மூடி அலமாரியில் வைத்தேன். நடுராத்திரி டமார்! மறுநாள் நாற்காலி போட்டு ஏறிச் சீலிங்கைத் துடைத்தேன். ஃபிரிட்ஜில் வைத்தால் புளிப்பது மெதுவாகும், நிற்காது.

சர்க்கரை தீர்ந்த பிறகு மிஞ்சுவதுதான் உங்களுக்கு ஊற்றிய அப்ஃபெல்வைன் என்ற ஆப்பிள் மது. ஆப்பிளில் முதலிலிருந்தே புளிப்பு உண்டு. அதை மூடியிருந்த இனிப்பு போனதும் அது பல்லைக் கூசவைக்கிறது. சிலர் ஷ்பையர்லிங் என்ற பழத்தின் சாறும் கொஞ்சம் சேர்ப்பார்கள். செங்காய் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கை இழுக்கும் அந்தத் துவர்ப்பு. இதில் சோடா கலந்தால் ‘ஸவர்கெஷ்ப்ரிட்ஸ்டர்’, லெமனேட் கலந்தால் ‘ஸூஸ்கெஷ்ப்ரிட்ஸ்டர்’. இனிப்புக் கலவை கேட்டால் பழைய கடைகளில் பரிமாறுகிறவர் முகம் சுளிப்பதும் உண்டு. கெஷ்ப்ரிட்ஸ்டர் என்று காதில் விழுந்தால் அது மதுதான், ஞாபகம் இருக்கட்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது அப்ஃபெல்ஷோர்லே. வெறும் ஆப்பிள் சாறும் சோடாத் தண்ணீரும். வீட்டில் நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன். தண்ணீர் திகட்டலைக் குறைக்கும், சோடாவின் குமிழியோ தன் பங்குக்கு மெல்லிய புளிப்பைக் கொடுக்கும். அதனால் நீர்த்துப்போனாலும் சப்பென்று இருக்காது. வடிகட்டிய தெளிவான சாறு வேண்டாம், அது சோடாவில் காணாமல் போய்விடும். ‘நாட்டூர்ட்ரூப்’ என்று போட்ட கலங்கல் சாறாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, அந்தச் சந்தை பாட்டில்? மோந்து பாருங்கள். மூக்கில் குத்தினால் காற்றுப் பட்டுக் காடியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மேலே பூசணம் தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.